உப்பளத்துப் பிள்ளைகள் தூங்கிய பள்ளிக்கூடம்

மரக்காணத்தில் நிற்காது என்று கண்டக்டர் சொன்னபோது பஸ் மாமல்லபுரத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டது.

"ஏறும்போதே கேட்டேனே, மரக்காணம் போகுமா என்று?"

"போவும் சார். போவாதுன்னு யாரு சொன்னா? நிக்காதுன்னுதான் சொல்றேன்."

எங்கள் ஈப்போ பக்கத்து பஸ்களில் கண்டக்டர் என்ற இனமே அழிந்துவிட்டது. சண்டை போட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். பின் சீட்டில் இருந்த அம்மாள், "பாவம், ஃபாரின் ஆளு போல. எறக்கி வுட்ருப்பா" என்று எனக்காகப் பரிந்து பேசினார். கடைசியில் கண்டக்டருக்கே மனசு கேட்கவில்லை. விசிலடித்து நிறுத்தி, பெட்டியைத் தானே தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் வைத்த இடத்தில் ஊர் இல்லை.

இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் மேலிருந்து அடித்தது போதாதென்று கீழிருந்தும் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. காலியாக வந்த உப்பு லாரி ஒன்று நின்றிருக்காவிட்டால், மலேசியாவிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் அங்கேயே கருவாடாகியிருப்பார். ஆமாம், நான் சிறப்பு விருந்தினராக வந்திருந்தேன். பங்குப் பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்கு.

லாரி டிரைவர் பெயர் ஏழுமலை. எங்கே போகணும் என்று கேட்டார். மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவே இருக்கிற மாதாகோயில் பள்ளிக்கூடம் என்றேன்.

"தூங்குற ஸ்கூலா?"

எனக்குப் புரியவில்லை.

"நாங்க அப்டித்தான் சொல்லுவோம் சார். எங்கம்மா விடியறதுக்கு முன்னாடி அளத்துக்குப் போவும்போது என்னத் தூக்கினு போயி கேட்டாண்ட குடுத்துட்டுப் போயிடும். நான் ஹாலுக்குள்ள தூங்கினு இருப்பேன். வெளிச்சம் வந்ததும் சிஸ்டர் எழுப்பி, மூஞ்சி கழுவி, கஞ்சி ஊத்துவாங்க. அப்புறம்தான் பிரேயர்." அவர் சிரித்தார். "படிச்சது எல்லாம் மறந்துபோச்சி. தூங்குனது மட்டும் ஞாபகம் இருக்குது."

என்னை வாசலிலேயே இறக்கிவிட்டார். பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதன் முன்னால் புதிதாக எழும்பிய மூன்று மாடி ஒன்று. புதியதில் நீல வண்ணக் கண்ணாடி. பழையதின் சுவரில் ஆள் உயரத்துக்கு உப்பு பூத்துக் காரை உதிர்ந்திருந்தது. வாசலில் ஆளுயரப் பலகையில் என் படம். மலேசியக் கல்வியாளர் என்று போட்டிருந்தார்கள். நான் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் பள்ளியும் என்னோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிட்டது.

பங்குச் சாமியார் ஃபாதர் அந்தோணிராஜ் என் சித்தப்பா மகன். என் அப்பா கப்பல் ஏறினார், சித்தப்பா ஏறவில்லை. அதனால் நான் அங்கே, இவர் இங்கே. ஊரார் முன்னால் நான் அவரை ஃபாதர் என்பேன். தனியாக இருந்தால் தம்பி. அவர் எப்போதும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

சாப்பாட்டில் நண்டுக் குழம்பு. எங்கள் ஊர் நண்டில் சீனர்கள் சர்க்கரை போட்டுக் கெடுத்துவிடுவார்கள். இங்கே மிளகு தூக்கலாக, ஓட்டைக் கடித்தால் மூக்கில் நீர் வந்தது. நண்டை உடைத்துக்கொண்டே தம்பி விஷயத்துக்கு வந்தார். வெறும் விழாவுக்காக என்னைக் கூப்பிடவில்லை.

"அண்ணே, உங்க ஸ்கூலை மூடினப்போ எனக்குத்தான் போன் பண்ணீங்க. பேச முடியாம வச்சிட்டீங்க. ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் டவுனுக்குப் போக, வகுப்பில் பெஞ்சுகள் மட்டும் மிஞ்சின. கடைசி நாள் பூட்டை நான்தான் போட்டேன்.

"இங்கயும் அதான் நடக்குது. தினமும் பிரைவேட் ஸ்கூல் வேன் வந்து புள்ளைங்கள அள்ளிக்கிட்டுப் போறான். இங்கிலீஷ் மீடியமா மாத்தலைன்னா இதையும் மூட வேண்டியதுதான். மாத்தறதுக்குப் பர்மிஷன் கேட்டிருக்கோம். திங்கக்கெழமை இன்ஸ்பெக்‌ஷன். விடியறதுக்கு முன்னாடி இத்தினி புள்ளைங்க இங்க ஏன் தூங்குது, யாரு பொறுப்புன்னு அவங்க கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு ஜெயிலுக்குப் போறது? அதனால திங்கக்கெழமையில இருந்து கேட்டு தெறக்கறது எட்டு மணிக்குத்தான். ஞாயித்துக்கெழமை ஆண்டுவிழா மீட்டிங்ல சொல்லப் போறேன். பள்ளிக்கூடம் செத்தா எப்படி இருக்கும்னு பாத்தவர் நீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜனங்க கேட்டுக்குவாங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

மறுநாள் கருக்கலில் கேட்டில் போய் நின்றேன். சைக்கிள்களும் நடையுமாக வந்தார்கள். சத்தமே இல்லை. கேட்டின் கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள், பிள்ளைகள் விழித்துவிடக் கூடாது என்று. ஸ்டெல்லா சிஸ்டர் கைகளை நீட்டி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார். நல்ல தடித்த உடம்பு, எரிச்சலான முகம். "காய்ச்சலா இருக்குது, ஏன் தூக்கினு வந்த?" என்று ஒருத்தியைத் திட்டிக்கொண்டே அந்தப் பிள்ளையையும் வாங்கினார். கூடவே ஆளுக்கொரு துணி மூட்டை. அதில் யூனிஃபார்மும் தட்டும். பாயில் படுக்கவைத்து மூட்டையைத் தலைக்கு வைப்பார்கள். உப்பளத்துப் பிள்ளைகளின் சட்டை எப்போதும் கசங்கியே இருக்குமாம். வகுப்பில் யார் உப்பளம், யார் மற்றவர் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம் என்றார் சிஸ்டர்.

பள்ளியின் கதையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. ஆண்டுவிழா மலரில் இருப்பது போல இல்லை. முதலில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் பள்ளிக்கூடம் கட்ட வரவில்லையாம், ஞானஸ்நானம் கொடுக்க வந்தாராம். ஒருவரும் வரவில்லை. ஒரு விடியலில் அளத்துப் பக்கம் நடந்து போனவர், வரப்பில் சாக்கை விரித்துப் பிள்ளைகள் வரிசையாகத் தூங்குவதைப் பார்த்தார். பக்கத்திலேயே உப்புத் தண்ணீர்க் கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. அதற்கு முந்தின வருஷம்தான் ஒரு பிள்ளை தூக்கத்தில் உருண்டு உள்ளே விழுந்து செத்திருந்தது. அவர் திரும்பி வந்து முதலில் கட்டியது வகுப்பறை அல்ல. பாய் விரிக்க ஒரு கொட்டகை, இப்போதைய ஓட்டுக் கட்டடம் அதுதான். பகலில் சும்மா கிடக்கிறதே என்று அதில் பிறகு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

"இதில் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"கேட்டதில்ல" என்றார் சிஸ்டர். "தூங்குற புள்ளைகிட்ட எப்டிக் கேக்கறது?"

புதிய கட்டடத்தின் வாசலில் 'எங்கள் நோக்கம்' என்று பளிங்கில் பொறித்து வைத்திருந்தார்கள். தரம், ஒழுக்கம், உலகத்தரக் கல்வி. கொட்டகையில் எதுவும் பொறிக்கப்படவில்லை.

வெளிச்சம் வந்தபின் சிஸ்டரிடம் வழி கேட்டு அளத்துக்குப் போனேன். சதுரம் சதுரமாகப் பாத்திகள். ஆண்கள் நீளக் கைப்பிடி வைத்த மரப்பலகையால் உப்பை ஓரத்துக்கு இழுக்க, பெண்கள் கூடையில் வாரித் தலையில் வைத்து வரப்பில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கருக்கலில் கேட்டில் பார்த்த முகம் ஒன்று அங்கே இருந்தது. பெயர் தனம். மகள் மகா, ஒன்றாம் வகுப்பு. புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனவன், போனவன்தான்.

"எட்டு மணிக்கு மேல கொண்டுபோய் விட முடியாதா?" என்று ஃபாதர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன்.

அவள் கூடையை இறக்கினாள். "எட்டு மணிக்கு நடு வேலை சார். வெயிலு ஏறிட்டா பாத்தில நிக்க முடியாது, அதுக்குள்ள வாரி முடிச்சிடணும். நான் ஒருத்தி போனா இழுத்துப் போட்ட உப்பு அப்டியே கெடக்கும். மேஸ்திரி நாளைக்கி வராதன்னுடுவான்."

"வீட்டில் விட்டுவிட்டு வந்தால்?"

"வுட்டேனே ஒருவாட்டி. முழிச்சிப் பாத்து, நான் இல்லன்னதும் கதவத் தெறந்துக்கினு என்னத் தேடி ரோட்டுக்கு வந்துடுச்சி. ஈசிஆர்ல வண்டி எப்டிப் போவுதுன்னு நீங்களே பாத்தீங்க இல்ல? பால்காரரு பாத்துத் தூக்கினு வந்தாரு. அன்னிக்கி செத்துப் பொழைச்சேன்." கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு மறுபடியும் இறக்கினாள். "மீட்டிங்ல நீங்க பேசறீங்களாமே சார். நாங்க எல்லாரும் வேலைய முடிச்சிட்டு வந்துடுவோம். இருந்தாலும் எங்க பேச்சு எடுபடாது. நீங்க எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்கள். இரண்டும் எதிரெதிர் வார்த்தை.

சனிக்கிழமை மரக்காணம் கடைத்தெருவுக்குப் போனேன். வறுத்த சங்கரா மீன், எண்ணெய் கொஞ்சம் பழையது. ஷேர் ஆட்டோவில் என் மடியில் ஒரு அன்னாசிப் பையும் முதுகில் யாருடைய முழங்காலோ இருந்தன. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார், "அந்த ஸ்கூலு இப்பதான் உருப்படப் போவுது. என் பொண்ண அங்க மாத்திடலாம்னு இருக்கேன். உப்பு வாசன இருக்காது இனிமே." அவர் வேலைக்காரக் கையோடு, சாதாரணச் சட்டையோடு இருந்தார். கெட்டவர் போலத் தெரியவில்லை. தன் பெண் நன்றாக வர வேண்டும் என்று எல்லாத் தகப்பனும் நினைப்பதைத்தான் நினைத்தார்.

அன்று மாலை தம்பியிடம் வாதாடிப் பார்த்தேன். ஓரிடத்தில் அவருக்குக் கோபம் வந்தது. "தூங்க வைக்கிறதுக்குப் பேரு ஸ்கூலா அண்ணே? அது தொட்டில். நூறு வருஷம் தொட்டிலா இருந்தாச்சி. இதுல தூங்கினவங்க எத்தினி பேரு ஆபீசர் ஆனாங்க? எல்லாம் திரும்ப அளத்துக்குத்தான் போச்சி."

"உயிரோடு போனார்கள் தம்பி" என்றேன். அவர் எழுந்து ஜெபமாலைக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்போது கிழக்கே வானம் கறுத்தது. பருவமில்லாத மேகம். உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்ற பழமொழியை முப்பது வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மேகத்தைப் பார்த்ததும் இங்கே எல்லார் முகமும் போன போக்கை அன்றுதான் பார்த்தேன். வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன்னால் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் கரைந்து ஓடிவிடும். அளத்தில் வேலை செய்கிற ஒருவரும் திரும்பவில்லை. வீட்டில் இருந்தவர்களும் ஓடினார்கள்.

பந்தலில் முன்வரிசைகள் நிறைந்திருந்தன. பிள்ளைகளை வேனில் அனுப்புகிறவர்கள், கடைக்காரர்கள், திண்டிவனத்திலிருந்து வந்த பழைய மாணவர்கள். பின்வரிசைகளை அளத்துக்காரர்களுக்கு என்று விட்டிருந்தார்கள். அவை காலி.

மீட்டிங்கைத் தள்ளிப் போடச் சொன்னேன். "விருந்தினர்லாம் வந்துட்டாங்க அண்ணே" என்றார் தம்பி.

என் முறை வந்தது. எழுதிக் கொண்டுபோனதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பயமாக இருந்தது, ஆனால் பேசினேன். "பள்ளிக்கூடம் மூடுவதைப் பார்த்தவன் நான். எங்கள் பள்ளியைப் பிள்ளைகள் இல்லாமல் மூடினார்கள். நீங்கள் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு மூடுகிறீர்கள்" என்றேன். பின்வரிசை ஏன் காலியாக இருக்கிறது என்று சொன்னேன். கிணற்றில் விழுந்த பிள்ளையைச் சொன்னேன், ரோட்டுக்கு வந்த பிள்ளையைச் சொன்னேன். விடியலில் திறப்பதற்கு அனுமதி கேளுங்கள், ஆள் போடுங்கள், சுவர் கட்டுங்கள், ஆனால் கேட்டை மூடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். குரல் உடைந்தது.

பந்தல் அதிரக் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பூரித்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஒருவர் வந்து பொன்னாடை போர்த்தினார். போட்டோவுக்குத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினேன். அதற்குள் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "மலேசிய ஐயா அவர்களின் அருமையான வாழ்த்துரையைத் தொடர்ந்து, அவர்களுடைய நல்லாசியோடு, திங்கள் முதல் பள்ளி நேரம் காலை எட்டு மணி என்ற அறிவிப்பை மகிழ்வுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார். அதற்கும் அதே அளவு கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்த பெரியவரும் தட்டினார்.

பிறகுதான் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே வாழ்த்துரை என்று அச்சிட்டிருந்தது. மேடையில் ஒருவன் வாழ்த்துரை வழங்க எழுந்தால், அவன் திட்டினாலும் அழுதாலும் அது வாழ்த்துதான். எப்படிப் பேசினான் என்று பார்ப்பார்கள், நன்றாகப் பேசினால் தட்டுவார்கள். எங்கள் ஊர் மேடைகளிலும் இதே வழக்கம்தான். நானும் அப்படி எத்தனை பேருக்குத் தட்டியிருப்பேன். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை.

தம்பிக்கு என்மேல் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நல்லா பேசினீங்க அண்ணே" என்றார், மனசாரத்தான் சொன்னார். மழை கொஞ்சம் தூறிவிட்டு நின்றது. ஸ்டெல்லா சிஸ்டர் கொட்டகையில் பாய்களைச் சுருட்டி மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "அந்த ஓரத்தப் புடிங்க" என்றார். பிடித்தேன்.

திங்கட்கிழமை விடியலில் சென்னைக்குத் திரும்ப வேண்டும். தம்பி வண்டியில் கொண்டுவந்து அளத்தோரம் பஸ் நிற்கும் இடத்தில் விட்டார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஏற்பாடு பார்க்க வேண்டுமென்று உடனே திரும்பிவிட்டார். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

"சார்!"

வரப்பில் தனம் நின்றாள். பக்கத்தில் மகா, தலை வாரி, யூனிஃபார்ம் போட்டு, கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸுமாக. முதல்முறையாக அவள் சட்டை கசங்காமல் இருந்தது.

"நேத்து நீங்க ரொம்ப நல்லா பேசினீங்களாமே சார். கடையில சொன்னாங்க. எங்களப்பத்திப் பேசினீங்களாம், எல்லாரும் கை தட்டுனாங்களாம்."

"தட்டினாங்கம்மா."

"காலைல கொண்டுபோனேன், பூட்டியிருக்குது. இன்னிக்கி ஆபீசருங்க வர்றாங்களாமே, அதனாலன்னு நெனைச்சேன்." அவள் முகத்தில் சந்தேகமே இல்லை. "நாளையில இருந்து தெறந்துடுவாங்க இல்ல சார்?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. பஸ் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. வரவில்லை.

"இல்லம்மா. தெறக்க மாட்டாங்க. கை தட்டினாங்க, அவ்வளவுதான்."

அவள் கோபப்பட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் கோபப்படவில்லை. பாத்தியிலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "வர்றேங்க" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, வரப்பில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மகளை அதன்மேல் உட்காரவைத்தாள்.

"ஷூவக் கழட்டு."

"மிஸ் திட்டுவாங்க" என்றது பிள்ளை.

"பாத்தில ஷூவோட எறங்கினா மேஸ்திரி திட்டுவாரு. கழட்டு."

பிள்ளை குனிந்து முடிச்சை அவிழ்த்தது. சாக்ஸைக் கழற்றி, உருட்டி, ஷூவுக்குள் வைத்தது. பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.